பந்துப் பையின் இன்னொரு பிடி

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பெற்றோர்களே, உட்கார முடியாமல் சுவரோரம் நடந்துகொண்டிருக்கும் என் பிள்ளைகளே! அவர்களை யாரும் அதட்ட வேண்டாம். ஒன்பது நாளாக எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

மறைந்த நம் விளையாட்டு ஆசிரியரை, பிள்ளைகளின் ‘பந்து மாமா’வைப் புகழத்தான் வந்தேன். அதற்கு முன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு இருபது ஆண்டாகப் பாடம் எடுக்கிறேன். பதினொரு வயதுப் பெண் ஒருத்தி பக்கத்துப் பிள்ளையைக் கடித்தாள், விலக்கப் போன என்னையும் கடித்தாள். அவளுடைய விளையாட்டு நேரத்தை நிறுத்தினேன். மறுநாளும் கடித்தாள். மறுபடியும் நிறுத்தினேன். அவளுடைய அம்மா வந்து நின்றார். “வேணாம் டீச்சர், வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுறேன்” என்றார்.

அப்போது குறுக்கே வந்தவர் யார்? அவர்தான்.

“பசிச்சு அழுற பிள்ளைக்குச் சோத்தை நிறுத்துவீங்களா டீச்சர்? ஒரு மாசம் குடுங்க.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “கடி வாங்குறது நான்தானே சார்” என்றேன். அவர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். என் கையைவிட அதில் தழும்பு அதிகம்.

பந்துப் பைக்கு இரண்டு பிடி. ஒன்று அவர் கையில், ஒன்று அவள் கையில். தினமும் பாடம் தொடங்கும் முன் இந்தக் கூடத்தைப் பத்துச் சுற்று. முதல் வாரம் பையை உதைத்தாள். பந்துகள் நாலாபக்கமும் உருண்டன. திட்டினாரா? இல்லை. கெஞ்சினாரா? இல்லை. பொறுக்கினார், நடந்தார். நான்காவது வாரம் அவரை விலக்கிவிட்டு, காலை இழுத்து நடக்கும் ஒரு சின்னவனிடம் அந்தப் பிடியை அவளே நீட்டினாள். அவன் வேகத்துக்கு நடந்தாள்.

வாசலில் நின்ற அம்மா சொன்னார்: “இவ கையை நீட்டினாலே ஓடிப்போய்த் தடுப்பேன். இன்னைக்கு என்ன பண்றதுன்னே தெரியல டீச்சர்.”

கடிப்பது அடியோடு நின்றதா? பொய் சொல்ல மாட்டேன், குறைந்தது. ஆனால் அம்மா அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை.

அவர் போன மறுநாள் இந்தக் கூடத்தைப் பூட்டியது யார்? நான்தான். பார்க்க மனம் தாங்கவில்லை என்று பூட்டினேன். இரண்டே நாளில் அவள் மறுபடி கடித்தாள். பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. இன்று திறந்திருக்கிறேன், இனிப் பூட்ட மாட்டேன். காலைச் சுற்று என் பொறுப்பு.

இப்போது அஞ்சலியாக இரண்டு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டுமாம். அந்த மனிதருக்கா?

அதோ, அவள் பையின் ஒரு பிடியைப் பிடித்தபடி நிற்கிறாள். மறு பிடி தரையில் கிடக்கிறது. வர விரும்புகிறவர்கள் எழுந்து வாருங்கள். எனக்கு மூட்டு வலி. பரவாயில்லை, மெதுவாக வருகிறவர்களோடு நடக்க அவளுக்குத் தெரியும்.