என் வாதத்துக்கு அங்கமுத்து சேர்த்த வலு

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் பயிற்சி மையத் தலைவர் மாரியப்பன் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, கணவரை இழந்து கலங்கி அமர்ந்திருக்கும் ராசாத்தி அம்மையார் அவர்களே, ஆத்தூரிலிருந்தும் மேச்சேரியிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் மாணவச் செல்வங்களே! வணக்கம்.

அயோத்தியாப்பட்டணத்தில் தர்க்கம் சொல்லித்தரும் ஒரு ரீசனிங் வாத்தியாரின் இரங்கலுக்கு இவ்வளவு கூட்டமா? நாற்காலி போதாமல் பந்தலுக்கு வெளியே நிற்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிகிறது. பதினோரு ஆண்டுகள் பக்கத்து அறையில் அதே பாடத்தை நடத்தியவன் இந்த சிவபிரகாஷ். நான் போனால் இதில் பாதிப் பேராவது வருவீர்களா?

நல்லாசான் அங்கமுத்து! வங்கித் தேர்வில் 'வாதத்தை வலுப்படுத்தும் கூற்று எது?' என்று ஒரு கேள்வி வரும். எந்த வரி கனமாகத் தெரிகிறதோ அதை டிக் அடி என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அவரோ, "காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவுல எங்க ஓட்டை இருக்குதுன்னு பாருங்க சாமி. அதை அடைக்கறதுதான் விடை" என்றார். மூன்றே மாதத்தில் என் அறையில் பெஞ்சுகள் காலி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. எப்படி ஐயா தாங்குவது?

நான் என்ன செய்தேன்? டீக்கடையிலும் பெற்றோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "கெட்டிக்காரப் பசங்கதான் அவருகிட்ட சேர்றாங்க. அதான் பாஸ் ஆகறாங்க. பாடம் நடத்தறதுல ஒண்ணுமில்லீங்க." அது அவர் காதுக்குப் போனது. கோபித்தாரா? இல்லை! என் பேச்சையே கரும்பலகையில் கேள்வியாக எழுதினார். என்னைக் கூப்பிட்டு, இதை வலுப்படுத்துங்கள் என்றார்.

"மக்குப் பசங்களை நீங்க சேத்தறதே இல்லீங்களே" என்றேன்.

"அது சொன்னதையே திருப்பிச் சொல்றதுங்க, வலு சேராது. நம்ம பேட்சை மாத்திக்கலாமுங்க. என்ற பசங்க உங்ககிட்டயும் பாஸ் ஆகி, உங்க பசங்க என்கிட்டயும் ஃபெயில் ஆனா, உங்க பேச்சுக்கு வலு வந்துருமுங்க."

தன் மேல் சுமத்திய பழிக்குத் தானே வலு தேடிக் கொடுத்த மனிதரை எங்காவது கண்டதுண்டா?

மாற்றிக்கொண்டோம். ஆளுக்கு முப்பது பிள்ளைகள். நான் மக்கு என்று ஒதுக்கிய அகல்யா, அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார், இன்று வங்கி அதிகாரி. அவரையும் சேர்த்து என் பழைய பிள்ளைகள் பதினான்கு பேர் அங்கே தேறினார்கள். அவருடைய கெட்டிக்காரர்களில் என்னிடம் தேறியவர்கள் ஐந்தே பேர்.

"இந்த வருசம் கொஸ்டின் பேப்பர் அப்படிங்க" என்று முணுமுணுத்தேன். ஜெயித்தவர் அதற்கும் தலையாட்டினார். "ஆமாங்க, ஒரு வருசத்தை வெச்சு முடிவு கட்டக் கூடாது. இன்னொருக்கா மாத்திப் பாக்கலாமுங்க." மறுபடி மாற்றிய நாலாவது வாரம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

ராசாத்தி அம்மா! நான் சொன்னது தவறு என்று தெரிந்த பிறகும் ஊர் முன்னால் அதைத் திருத்தவில்லை. இன்று இந்த மைக்கில் திருத்துகிறேன். உங்கள் கணவர் என்னைவிடச் சிறந்த ஆசிரியர்.

நாளைக் காலை இரண்டு வகுப்பும் என் அறைக்கு வருகின்றன. அவர் முறையிலேயே நடத்துவேன், இது உறுதி! தேர்ச்சி குறைந்தால், அங்கமுத்து போல வருமா என்பீர்கள். கூடினால், அங்கமுத்து காட்டிய வழி என்பீர்கள். இரண்டும் அவர் பக்கத்துக்கே வலு சேர்க்கும்.

அங்கமுத்து சார், நீங்கள் போய்விட்டீர்கள். என் பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை.