பழைய நேரம், புது நேரம்

— தேத்தண்ணி வேண்டாம் பிள்ளை. வந்த விசயத்தைச் சொல்லிப்போட்டு நான் போறன்.

— ஊத்திட்டன் மாமி. குடிச்சிட்டுக் கதையுங்கோவன்.

— சாதகக் குறிப்பைத் திருப்பிக் குடுக்க வந்த வீட்டிலை வாய் நனைக்கக் கூடாது, அபிசாயினி. இந்தா, பிடி. அப்பா தோட்டத்தாலை வந்தால் சொல்லு, கோபிசங்கரின்ரை தாய் உதயகலா வந்து தந்திட்டுப் போனவ எண்டு.

— பொருந்தேல்லையே?

— எட்டிலை செவ்வாய். எனக்கு ஒரே ஒரு பெடியன். கோவிக்காதை பிள்ளை.

— மாமி... ஒண்டு கேக்கட்டே?

— கேள், கேள். அண்டைக்குப் பொம்பிளை பாக்க வந்த நேரம் வாயே திறக்கேல்லை. ஊமையோ எண்டுகூட நினைச்சனான்.

— அண்டைக்கு எல்லாரும் என்னையே பாத்துக்கொண்டு இருந்தவை. மாமி, நான் பிறந்தது இஞ்சை ஆசுப்பத்திரியிலை. கரண்ட் மிச்சம் பிடிக்கவெண்டு அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருந்த காலம்.

— புது நேரம். எனக்குத் தெரியாதே? எங்கடை கோபிக்குச் சாத்திரியார் அந்த அரை மணித்தியாலத்தைக் கழிச்சுப்போட்டுத்தான் குறிப்பே எழுதினவர். நாங்கள் உதுகளிலை வலு கவனம்.

— எங்கடை அப்பா கழிக்கேல்லை. கொம்பியூட்டர்க் கடையிலை நேரத்தை மட்டும் சொல்லியிருக்கிறார். அது இப்பத்தை நேரமெண்டு நினைச்சுக் கணிச்சிட்டுது.

— அரை மணித்தியாலத்திலை செவ்வாய் எங்கை ஓடப்போகுது?

— செவ்வாய் ஓடாது. லக்கினம் மாறும், வீடு எண்ணுறது அதிலை இருந்துதானே. நான் பிறந்தது அது மாறுற கரையிலை.

— சயன்ஸ் படிச்சனி எண்டாங்கள். சாத்திரமும் படிச்சனியோ?

— எனக்குச் சாத்திரத்திலை நம்பிக்கை இல்லை மாமி. நீங்கள் நம்புறியள். நம்புற கணக்காவது சரியா இருக்க வேணுமெல்லோ? முந்தி சூரியன் உச்சிக்கு வந்தால் அதுதான் மத்தியானம். ஊருக்கு ஒரு மத்தியானம். பிறகு றெயில் ஓடத் தொடங்க, எல்லா ஊருக்கும் ஒரே நேரம் எண்டாங்கள். பிறகு கரண்டுக்காக அதையும் தள்ளினாங்கள். சூரியன் மட்டும் ஒருத்தற்றை சொல்லையும் கேக்கேல்லை.

— அது கிடக்கட்டும். உன்ரை செவ்வாய் இப்ப எங்கை நிக்குது?

— ஒன்பதாம் வீட்டிலை. இஞ்சை போனிலை பாருங்கோ.

— ஒன்பதிலையோ? அப்ப தோசமே இல்லை! சந்நிதி முருகா! தா அந்தக் குறிப்பை. கோபி ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை தெரியுமே?

— பொறுங்கோ மாமி. இன்னும் ஒண்டு கேக்கட்டே? அவர் எங்கை பிறந்தவர்?

— மல்லாவியிலை. அப்ப நாங்கள் இடம்பெயர்ந்து வன்னியிலையெல்லோ.

— அங்கை என்ன நேரம்?

— அங்கை இயக்கத்தின்ரை ஆட்சி, ஆர் அரசாங்க நேரம் பாத்தது? பழைய நேரந்தான். பிறகு பாதை திறந்து இஞ்சாலை வரேக்கை, முகமாலைச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் எங்கடை மனுசன் மணிக்கூட்டைப் புது நேரத்துக்குத் திருப்பி வைச்சவர்... ஐயோ.

— பழைய நேரத்திலை இருந்து சாத்திரியார் எதைக் கழிச்சவர் மாமி?

— நான்தான் கழிக்கச் சொன்னனான். இஞ்சை வந்தாப் பிறகு எழுதின குறிப்பு. ஆக்கள் எல்லாரும் கழிச்சவை, நானும்... பிள்ளை, சும்மா ஒருக்காப் போட்டுப் பார். விடிய அஞ்சே கால். மேலை குண்டு போடுற கிபிர் விமானம் சுத்தினது, நல்ல ஞாபகம்.

— போட்டிட்டன்.

— என்ன சொல்லுது? செவ்வாய் எங்கை?

— வடிவாப் பாக்கிறன், பொறுங்கோ.

— சொல்லன் பிள்ளை!

— எட்டிலை.

— எட்டிலையோ! என்ரை பெடியனுக்கோ?

— ஓம் மாமி. முந்தி ஒன்பதிலை காட்டினது.

— அப்ப நான் என்னத்தைச் சொல்லிக்கொண்டு இவ்வளவு நேரமும்... உன்ரை கொப்பருக்குத் தெரிஞ்சால் ஏசுவார். நான் போறன். குறிப்பு உன்னட்டையே கிடக்கட்டும்.

— கொண்டு போங்கோ மாமி.

— என்னத்துக்கு? உனக்கு அவனைப் பிடிச்சிருக்கே?

— ...ம்.

— பிடிச்சு என்ன செய்ய? எட்டிலை செவ்வாயோடை நிக்கிறவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?

— நாங்கள் செவ்வாய் பாக்கிற ஆக்கள் இல்லை மாமி. தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு போட?