காதுகுத்துப் பாட்டுக்கு நாலு லட்சம்

ஷாநவாஸ்: சேனல்ல பாட்டப் போட்டது யாருன்னு கேக்கக் கூடாது. போட்டவனும் சொல்லக் கூடாது. மதுரையில மைக்செட்டுக்காரன் அம்புட்டுப் பேருக்கும் இதான் சட்டம். எவனும் எழுதி வைக்கல முபீனா... எவனும் மீறுனதும் இல்ல.

முபீனா: உங்க டெலிகிராம் சேனல்ல எவன் போட்டாலும் சேனல் பேருதான் விழுது. சேனல் யாரு பேருல இருக்கு? ஏங்க, கட்டிக்கிட்ட புருசன்னு பாக்குறேன். நோட்டீசு விட்ட பாட்டுக் கம்பெனி பாக்குமா?

மலைச்சாமி: தங்கச்சி... நோட்டீசுல என் பேரு இருக்கா?

முபீனா: இருக்குண்ணே. ‘பாடியவர்: கீழக்குயில்குடி மலைச்சாமி. மேற்படிப் பாடலைக் களவாகப் பகிர்ந்தமைக்கு நட்ட ஈடு ரூபாய் நான்கு இலட்சம்.’

மலைச்சாமி: நாலு லட்சமா! என் ஒத்தக் காதுகுத்துப் பாட்டுக்கா! இன்னொருக்கா வாசி.

ஷாநவாஸ்: மச்சான், பூரிக்காத. கட்டப்போறது நான்.

மலைச்சாமி: இல்ல மாப்ள... எப்படிக் கணக்குப் பண்ணுனாய்ங்கன்னு...

ஷாநவாஸ்: சேனல்ல இருநூத்திப் பன்னெண்டு பேராம். ஆளுக்கு எத்தன விசேஷம், விசேஷத்துக்கு எத்தன காது... பெருக்கித் தள்ளிட்டான். அதுல நாப்பது பேரு வெறும் குட்மார்னிங் போட வந்தவய்ங்க!

முபீனா: பதில் எழுதிட்டேன், கேளுங்க. ‘மேற்படிப் பாடல் இரண்டே விசேஷங்களில் ஒலித்தது. இரண்டிலும் உடனடியாக நிறுத்துமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது. ஆகவே தங்களுக்கு நட்டம் நேர முகாந்திரமே இல்லை.’

மலைச்சாமி: யாரு... யாரு நிறுத்தச் சொன்னது?

ஷாநவாஸ்: யாரும் சொல்லல மச்சான். பாட்டு தேறாத பாட்டுன்னாத்தான் தொகை கொறையும்னு வக்கீலு...

மலைச்சாமி: திருநகர் மண்டபத்துல மூணு தடவ திருப்பித் திருப்பிப் போட்டியே! தாய்மாமன் தேம்பித் தேம்பி அழுதாரே!

ஷாநவாஸ்: மெதுவா! அது தெரிஞ்சா ஆறு லட்சமாக்கிருவான்.

முபீனா: அண்ணே, பாடுனதுக்கு உங்களுக்கு எம்புட்டுக் குடுத்தாய்ங்க?

மலைச்சாமி: ...மூவாயிரம். பஸ்ஸு தனி.

முபீனா: அதுவும் குடுத்தாய்ங்களா?

மலைச்சாமி: இல்ல, அது நான் போட்டது.

முபீனா: பாடுனவருக்கு மூவாயிரம், பரப்புனவருக்கு நாலு லட்சம்! பாடும்போது மூவாயிரத்துக்குப் போன பாட்டு, களவு போனதும் ஏறிருச்சாக்கும்?

ஷாநவாஸ்: ஆம்ப்ளி, பெட்டி, கொழாய் ஸ்பீக்கரு அம்புட்டையும் வித்தாலும் ஒண்ணரை லட்சம் தேறாது. வித்துட்டா கைதட்டித்தான் பாட்டுப் போடணும். அனுப்பு முபீனா.

மலைச்சாமி: இரு மாப்ள. பாட்ட வாங்கி, காசு கட்டிக் கேக்குற போன் ஆப்புக்குள்ள பூட்டிட்டாய்ங்க. ஊருல ஒருத்தன் கேக்கல. ஒருநா கொழாய்ல கேக்கணும்னுதான்...

ஷாநவாஸ்: மச்சான்! சட்டம்! நான் கேக்கல. நீ சொல்லவும் இல்ல. வாயில டீய ஊத்து.

முபீனா: ஏங்க... தெரிஞ்சேதான் நாலு நாளா சோறு எறங்காமக் கெடந்தீகளா?

ஷாநவாஸ்: எனக்கு என்ன தெரியும்? சேனல் என்னுது, சட்டம் என்னுது, கட்டுறேன்...

மலைச்சாமி: தங்கச்சி, நிறுத்தச் சொன்னாகங்கிற வரிய அடிச்சிரு. எழுது. திருநகர்ல மூணு தடவ போட்டாக, தாய்மாமன் அழுதாரு. அந்தப் பாட்டச் சேனல்ல போட்டது ஷாநவாஸ் இல்ல; பாடுன மலைச்சாமி நான்தான்.