குதிரை வந்த மலைப்பாதை

நாட்டில் சண்டை முடிந்த மறு வருடம், கல்முனையிலிருந்து சம்மாந்துறை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். கையில் கட்டுப் போட்டிருந்த இளைஞனிடம் மூத்தவர் விசாரித்துக்கொண்டு வந்தார்.

"குதிரையா உன்னத் தள்ளின?"

"ஓம் காக்கா. நேபாளத்தில கூட்டாளிமாரோட மலையேறப் போன. குதிரையில சாமான் ஏத்திப் போறவங்களும் அதே பாதையாலதான் வாற. வழி விடுவமெண்டு நான் பள்ளப் பக்கம் ஒதுங்கிட்டன். மலைப் பக்கம்தான் ஒதுங்கணுமாம், எனக்குத் தெரியாது. குதிரையில கட்டின மூட்டை என்னில இடிச்சிட்டு."

"அல்லாஹ்வே. பிறகு?"

"நான் விளிம்பில தொங்கினன். குதிரைக்கும் கால் சறுக்கிட்டு. குதிரைக்காரன்ட ஒரு கையில அதுட கயிறு, மத்தக் கையில என்ட கை."

மூத்தவர் முழுதாக அவன் பக்கம் திரும்பிவிட்டார்.

"கயிற விட்டுட்டான், காக்கா."

"குதிரை?"

"கீழ போயிட்டு. என்னத் தூக்கி விட்டுட்டு, பள்ளத்தப் பாத்து அதுட பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நிண்டான். சுனாமி வந்த அண்டு நாம கடற்கரையில நிண்டு நம்மட ஆக்களக் கூப்பிட்ட மாதிரி."

மூத்தவர் அவனுடைய கட்டுப் போடாத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும் வரை அதைப் பிடித்தபடியே இருந்தார்.