மீனில் கறை

பெருமாநல்லூரிலிருந்து திருப்பூர் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை செய்யும் இரண்டு பெண்கள்.

"போன மாசம் நாலு மீனை ரிஜெக்ட் பண்ணுனேனுங்க அக்கா" என்றாள் இளையவள். நான் போனை அணைத்துவிட்டேன்.

"கம்பெனியில துணி செக்கிங் பண்றது பத்தாதா அம்மிணி?"

"எங்க மகளிர் குழு மீன் வளர்க்கற குட்டையிலீங்க. செதிலுக்கு அடியில கடுகாட்டம் செவப்புக் கறை. பக்கத்துக் குட்டைக்காரரு, 'மீனு என்ன பனியனா, கறை பாக்கறதுக்கு?'ன்னு சிரிச்சாரு. எனக்கு மனசு கேக்கலைங்க. ஒண்ணைக் கவர்ல போட்டு மீன் ஆபீஸுக்கே கொண்டு போயிட்டேன். சீக்காமா! இன்னும் ஒரு வாரம் உட்டிருந்தா அத்தனையும் செத்திருக்குமாமா."

"அப்புறம்?"

"அவங்க சொன்ன மாதிரி சுண்ணாம்பு கரைச்சு ஊத்துனோம். நேத்து வலை போட்டோமுங்க. ஒரு மீனுலயும் கறை இல்லீங்க அக்கா! ஒவ்வொண்ணும் இத்தா நீளம்!"

அளவு காட்டிய கை ஜன்னல் கம்பியில் இடித்தது. அவள் கவனிக்கவே இல்லை.

கம்பெனி ஸ்டாப்பில் மூத்தவள் எழுந்தாள். "வா, நேரமாச்சு."

"நான் லீவுங்க. டவுன்ல பெரிய குளத்துக்கு மீன் குத்தகை ஏலம். எங்க குழுவும் கேக்கறோம்."

"அதை வருசாவருசம் அந்தப் பக்கத்துக் குட்டைக்காரருதான எடுப்பாரு?"

"அவரு இன்னிக்கு வெடியக்காலமே எங்க ஊட்டு வாசல்ல நின்னாருங்க. அவரு மீனுலயும் கறையாமா, வந்து பாக்கோணுமாமா. ஏலம் முடிஞ்சு வர்றேன்னு சொல்லிட்டேன்."