கடைசிச் சரணத்தில் இடியும் சுவர்

— கடைசிச் சரணத்த மட்டும் இன்னிக்குப் பாடாத, கிருபாண்ணா. அவ்ளோதான் கேக்கறேன்.

— இதோ பாரு பிரிசி, அப்பாவப் பறிகுடுத்துட்டு போன் போட்டுப் பாட்டப் பத்திப் பேசற?

— அவர எடுக்கறதுக்குத்தான் பேசறேன். ப்ளாட்டுக்காரன் கல்லறைக்குப் போற வழிய மறிச்சிக் கட்டுன செவுத்த இன்னிக்கு ஒரு நாளாச்சும் தொறந்து வுடுங்கன்னு கேக்கப் போனோம். ஆபீசரு இன்னா சொன்னாரு தெரியுமா? “அத அப்பவே இடிச்சிட்டீங்களேம்மா, பாட்டுல கேட்டேனே!”

— தமாசு பண்ணிருப்பாரு, கண்ணு.

— போன எடுத்துப் போட்டே காட்டுனாரு. பாட்டுல நாங்கல்லாம் கைய வச்சித் தள்றோம், செவுரு வுழுது, கைதட்டு காதக் கிழிக்குது.

— இதோ பாரு, மொதல்ல பாட்ட, பொணத்த சேத்துல தூக்கிகினு போறதோடதான் முடிச்சேன். திருப்போரூர்ல அப்பிடிப் பாடுனப்ப ஒருத்தன் கை தட்டல. தலையக் குனிஞ்சிகினு எந்திரிச்சிப் போய்ட்டானுங்க.

— போனாங்க. மறுநாளே செவுத்தப் பாக்க நம்ம காலனிக்கு வேன் புடிச்சி வந்தாங்களே! நீ பாட்டுல செவுத்த இடிச்ச பொறவு எவன் வந்தான்? எங்க பாத்தாலும் “ஜெயிச்சிட்டீங்க”ன்னு கை குடுக்கறாங்க.

— அந்தப் பாட்டு இல்லன்னா நம்ம பசங்க பறையத் தூக்கிகினு மெயின்ரோட்டுக்கு வந்திருப்பானுங்களா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு கண்ணு.

— வந்திருக்க மாட்டானுங்க. எங்கப்பாகூட அத முணுமுணுத்துகினேதான் பல்லு வெளக்குவாரு. அதான் பேஜாரு. நீ நல்லாப் போட்டுட்ட. மட்டமாப் போட்டிருந்தா எல்லாருக்கும் இன்னும் நிக்கற செவுரு கண்ணுல பட்டிருக்கும்.

— முட்டுக்காட்டு மேடை கண்ணு இது. கார்ல கார்லயா வந்து எறங்கறாங்க. அந்தச் சரணம் இல்லன்னா வூட்டுக்குப் போயி தூக்கம் வராது அவங்களுக்கு.

— வராம இருக்கட்டுமே. எங்கப்பனுக்காக ஒரே ஒரு ராத்திரி.

— சரி. பாடல. பெஞ்சமின் மாமா எடுக்க வழியில்லாம வெளிய கெடக்கறாரு, செவுரு இன்னும் நிக்குதுன்னு மைக்லயே சொல்லிட்டு எறங்கிடறேன். இதோ பாரு, நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க. இரு... இன்னா அது, பறை கேக்குது?

— பகல் முழுக்க வெயில்ல வச்சிருந்தாச்சி, இன்னும் எவ்ளோ நேரம்தான் வச்சிகினு ஒக்கார்றது? தூக்கிகினு செவுத்தாண்டயே வந்துட்டோம். பசங்க அதுமேல கைய வச்சிகினு ஒன் கடைசிச் சரணத்தத்தான் பாடறானுங்க. காவலுக்கு நிக்கற போலீசு லத்தியால செவுத்துல தாளம் போட்டுகினு கீறாரு.