பிள்ளையாருக்குப் பக்கத்தில இடமில்லை

இல்லைத் தம்பி, கையை எடுங்கோ. உதில ஒட்டக் கூடாது. அது பிள்ளையார்.

ஓம், தெரியும். மோட்டார் சைக்கிளைச் செக் பண்ணிப் பாஸாக்கினால் குடுக்கிற வாரண்ட் ஸ்டிக்கரைப் பின் நம்பர் பிளேட்டடியிலதான் ஒட்டோணும் எண்டு சொல்லுவியள். சட்டையில கீதன் எண்டு பேர் போட்டிருக்கிறியள், தமிழ்ப் பிள்ளை, உங்களுக்கு நான் விளங்கப்படுத்தவே? போன கிழமை இந்த பைக்கைக் கோயிலுக்குக் கொண்டுபோய், டயருக்குக் கீழ தேசிக்காய் வைச்சு நசிச்சு, பூசை செய்து, அதுக்குப் பிறகு ஒட்டின பிள்ளையார். ஒட்டினது நான்தான். இடம் பாத்துத்தான் ஒட்டினனான். அவரை உரிச்சுப்போட்டு அரசாங்கத்தின்ர கடதாசியை ஒட்டப் போறியளோ?

நான் ஆரோ? பைக்கின்ர சொந்தக்காரி கம்சாயினியின்ர அம்மா, ரதிதேவி. லின்ஃபீல்டில எங்கட வீட்டில இருந்து உங்கட கராஜுக்குப் பஸ் மாறி மாறி வாறன். அவள் வேலை முடிஞ்சு பின்னேரம் இதை எடுக்க வருவாள். அதுக்கு முதல் உங்களோட ஒருக்காக் கதைப்பம் எண்டுதான் வந்தனான்.

முன்னுக்கு ஒட்டலாமோ? அதைத்தான் எங்கட மனுசன் ஆனந்தராசாவும் சொன்னவர். கார் மாதிரிக் கண்ணாடியில ஒட்டோணுமாம். இதில கண்ணாடி எங்க கிடக்கு எண்டு கேட்டால், சைட் கண்ணாடியாம்! பின்னால வாற வாகனத்தை அவள் சாத்திரத்திலயோ பாக்கிறது? கோயில் நிர்வாகசபையில இருக்கிற மூளை, வேற எப்பிடி வேலை செய்யும்? அதோட விட்டாரோ, வாட்ஸப் குறூப்பிலயும் கேட்டார். ஒருத்தர் பெற்றோல் டாங்கில எண்டார். இன்னொருத்தர் ஹெல்மெட்டிலயாம். ஹெல்மெட்டுக்கு ஆர் வாரண்ட் கேட்டது? சாந்தகுமாரி எண்டு ஒருத்தி, அவளிட்ட ஒரு சைக்கிள்கூட இல்லை, ஸ்டிக்கர் மேற்கைப் பாக்கக் கூடாதாம். ஓடுற சாமானுக்கு என்னடியப்பா மேற்கும் கிழக்கும்?

சிரியாதேங்கோ தம்பி, எனக்கு எரிச்சல் வருது.

மகளிட்டக் கேட்டால் மம், ரிலாக்ஸ் எண்டுவாள். அவ்வளவுதான் அவளின்ர தமிழ். பிசியோதெரப்பி படிச்ச பெட்டை. நாள் முழுக்க உடைஞ்ச கால் கையளைப் பிடிச்சு நடக்கப் பழக்கிறாள், அதில பாதிப்பேர் மோட்டார் சைக்கிளால விழுந்தவங்கள். பின்னேரம் வந்து அதே சாமானில ஏறி இருக்கிறாள். இதுக்குப் பேர் படிப்பாம், கண்டறியாத படிப்பு.

என்ன, தகரத்துண்டு ஒண்டு பூட்டி அதில ஒட்டலாமோ? பாத்தியளோ, உங்களுக்கும் வழி கண்டுபிடிக்கிற வியாதி! தகரம் பூட்டுறதெண்டால் ஓட்டை போடோணும். ஓட்டை போட்டால் பைக்கின்ர வடிவு கெட்டிடும் எண்டு அவள் குதிப்பாள். பிள்ளையாரில நான் கை வைக்க விடன், பைக்கில அவள் கை வைக்க விடாள். அப்ப ஒட்ட இடமில்லை. இடமில்லாட்டி ஸ்டிக்கர் இல்லை, ஸ்டிக்கர் இல்லாட்டி பைக் ரோட்டுக்கு வராது. ஃபெயில் எண்டு சொல்லிவிடுங்கோ. அதைத்தான் கேக்கிறன்.

ஓம் ஓம், உங்களுக்குச் சட்டம். எனக்குப் பயம் தம்பி. அவள் வெளிக்கிட்டுப் போனால் திரும்பி வரும்வரைக்கும் ஃபோனைக் கையால கீழ வைக்கிறேல்லை. தூரத்தில அம்புலன்ஸ் கத்தினால் சோத்துக் கோப்பையை வைச்சிட்டு வாசலுக்கு ஓடுவன். மனுசனிட்டச் சொன்னால் பகிடி. அவளிட்டச் சொன்னால் ரிலாக்ஸ். உங்களிட்ட வந்தால் சட்டம்.

என்ன சொன்னனீங்கள்? ஃபெயில்தானோ? பிறகேன் இவ்வளவு நேரமும் என்னைக் கத்த விட்டனீங்கள்?

பிரேக் லைற் எரியேல்லையோ? எரியாது தம்பி. பல்ப் இந்தா, என்ர ஹாண்ட்பாக்குக்குள்ள டிஷ்யூவில சுத்திக் கிடக்கு. யூடியூப்பில ஒரு வெள்ளைக்காரன் வடிவாக் காட்டுறான், ஸ்க்ரூவைக் கழட்டி ஒரு திருப்புத் திருப்ப, கையோட வந்திட்டுது. நேற்று அவள் குளிக்கேக்க செய்தனான். அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. புதுசும் போடாதேங்கோ. சாமான் ஓர்டர் பண்ணியிருக்கு, வரேல்லை, வரேல்லை எண்டு இழுங்கோ. அதுக்கிடையில அவளுக்கு ஆசை விட்டிடும்.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? ஆருக்கும் ஒண்டும் நடக்கேல்லையே. வாரண்ட் முடிஞ்ச பைக்கை ரோட்டில இறக்கேலாது எண்டு எனக்கும் தெரியும். எங்கட மனுசன்தானே காலமை ட்ரெய்லரில ஏத்திக்கொண்டு வந்து விட்டவர்?

இல்லையோ? அப்ப ஆர் கொண்டுவந்தது? அவளோ?

செக் பண்ணக் கொண்டுவாறதெண்டால் வாரண்ட் இல்லாமலும் ஓடிக்கொண்டு வரலாமோ? ஆர் சொன்னது? சட்டத்திலயே இருக்கோ?

காலமை என்ன மழை. ஒனெஹங்காவுக்குள்ளால, அந்தக் கன்டெய்னர் லொறியளுக்கு முன்னாலயோ வந்தவள்? லைற் இல்லாமல் அவள் பிரேக் பிடிச்சது பின்னால வந்தவனுக்கு...

தம்பி, அந்தக் கதிரையை ஒருக்கா இங்கால தள்ளுங்கோ. முதல் இந்த பல்பைப் பிடியுங்கோ, விழுந்து உடைஞ்சுபோம். அவள் வரமுதல் போட்டுவிடுங்கோ.